பின் வீல் ஜாமுக்கு ரூ.9,400 பில்: மாற்றியது எது, மாற்றாதது எது

வண்டி: கோத்தகிரியில் ஓடும் 2004 மாடல் வேன். பின்னால் டிரம் பிரேக்: வீலோடு சுற்றும் டிரம்மின் உள்பக்கத்தை, லைனிங் ஒட்டிய ஷூக்கள் அழுத்திப் பிடிக்கும். லைனிங் தேயத் தேய ஷூவை டிரம்முக்கு நெருக்கமாக வைக்க, தானாக இறுகும் அட்ஜஸ்டர். குறை: இடது பின் வீல் இழுக்கிறது. அரவேணு போய்த் திரும்புவதற்குள் அந்த ஒரு வீலில் மட்டும் கை வைக்க முடியாத சூடு, லைனிங் கருகும் நாற்றம்.

ஒர்க்‌ஷாப் பில்லில் இருந்தவை: ஷூ ஒரு செட், வீல் சிலிண்டர் (ஷூவைத் தள்ளுவது) இரண்டு, மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைக் குழாயில் தள்ளுவது) ஒன்று, டிரம்முக்கு லேத் வேலை, பிரேக் ஆயில், லேபர். மொத்தம் 9,400 ரூபாய். வெளியே வந்தபோது வீல் லேசாகச் சுற்றியது. ஆனால் பெடல் பாதிக்கு மேல் இறங்கியது. கேட்டதற்கு, “ஏர் கொஞ்சம் இருக்குங்ணா, ஓட ஓடச் சரியாயிரும்” என்றார்கள். உள்ளே போன காற்று ஓடினால் தானாக வெளியே வராது. வீல் சிலிண்டரில் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் தளர்த்தி எடுத்தால்தான் உண்டு. அந்தப் பதிலைக் கேட்டதுமே வண்டியை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பதினோராம் நாள் அதே வீல், அதே சூடு.

வேறிடத்தில் டிரம்மைக் கழற்றிப் பார்த்ததில் கோளாறு ஹேண்ட் பிரேக் கேபிளில். உறை ஓரிடத்தில் உரசிக் கிழிந்து, மழையும் மூடுபனியும் உள்ளே இறங்கி, கம்பி துருவேறிப் போயிருந்தது. லீவரைக் கீழே விட்டாலும் கம்பி முழுசாகத் திரும்பவில்லை. அதனால் டிரம்முக்குள் இருக்கும் சின்ன லீவர் ஷூவை ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளியபடியே நின்றது. பில்லில் இருந்த எந்தச் சாமானும் இதைத் தீர்க்காது.

அப்படியானால் முதல் பத்து நாள் எப்படி ஓடியது? அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்தி, ஷூவை உள்ளே தள்ளிவிட்டிருக்கிறார்கள். அந்த ஒரு மில்லிமீட்டருக்கு இடம் கிடைத்துவிட்டது, வீல் சுற்றியது. பெடல் ஆழமாக இறங்கியதும், கிளப் ரோடு மேட்டில் ஹேண்ட் பிரேக் போட்டும் வண்டி நிற்காததும் இதனால்தான். பிறகு பிரேக் மிதிக்க மிதிக்க அட்ஜஸ்டர் தன் வேலையைச் செய்து ஒவ்வொரு பல்லாக இறுகி, ஷூவைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டது. ஏமாற்று வேலையை அட்ஜஸ்டரே காட்டிக்கொடுத்தது என்று சொல்லலாம்.

இந்த வேலையில் முதலில் செய்ய வேண்டிய சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாமல் சாமான் பட்டியல் எழுதும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

வீல் பிடித்திருக்கும்போதே செய்ய வேண்டும். ஆறிய பிறகு செய்தால் பலன் இல்லை. சமதளத்தில் நிறுத்தி, இரண்டு முன் வீலுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். நியூட்ரல், ஹேண்ட் பிரேக் ரிலீஸ். பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை விடவேண்டாம். நிப்பிளில் டியூப் மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, அரைச் சுற்று தளர்த்துங்கள். ஆயில் சீறி வந்து வீல் விட்டுவிட்டால், அழுத்தம் குழாய்க்குள் மாட்டியிருக்கிறது. ஆயில் சும்மா சொட்டி வீல் அப்படியே இறுக்கமாக நின்றால், கோளாறு கேபிள், ஷூ, ஸ்பிரிங், அட்ஜஸ்டர் பக்கம். அடுத்ததாகக் கேபிளின் வீல் பக்கத்து முனையை லீவரிலிருந்து கழற்றுங்கள். இந்த வேனில் அதைக் கழற்றியதும் வீல் விட்டது, கதை முடிந்தது. கேபிளும் கைக்கூலியும் சேர்ந்தே ஆயிரத்து சொச்சம்தான்.

கேபிளில் எண்ணெய் விட்டு ஓட்டிவிடலாம் என்பார்கள். மலையில் அது ஒரு மழைக்குத் தாங்கும். உறை கிழிந்த கேபிளை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது வரிசை முக்கியம்: கேபிளைத் தளரவிட்டு, முதலில் ஷூவை அட்ஜஸ்டரில் செட் செய்து, பெடலைப் பலமுறை மிதித்து ஷூவை டிரம்முக்கு நடுவாக்கி, கடைசியில்தான் கேபிளை இறுக்க வேண்டும். சின்ன வண்டிகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் ஐந்திலிருந்து எட்டு ‘டிக்’குக்குள் பிடிக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் தூக்கலாக இருக்கிறதென்று கேபிளை மட்டும் முறுக்குவது இங்கே ஊருக்கு ஊர் நடக்கும் தப்பு. அப்படி முறுக்கினால் உள்ளிருக்கும் லீவர் தன் இருப்பிடத்துக்குத் திரும்பாது. பிறகு அட்ஜஸ்டரும் ஒழுங்காக வேலை செய்யாது.

நிப்பிளைத் திறந்ததும் வீல் விட்டால், மேலே ஏறித் தேடுங்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பின்பக்கம் போகும் குழாயின் நட்டைத் தளர்த்திப் பாருங்கள். அங்கே தளர்த்தியும் வீல் விடாமல், நிப்பிளில் மட்டும் விட்டால், நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி அடைத்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். காலின் பலத்தில் ஆயில் போகும், ஸ்பிரிங்கின் பலத்தில் திரும்பாது. ஆக்சிலுக்கு ஒரே ஹோஸ் இறங்கும் வண்டியில் இரண்டு பின் வீலும் சேர்ந்து பிடித்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

மாஸ்டரில் தளர்த்தியதும் விட்டால் இரண்டு காரணம் பார்க்க வேண்டும். பெடலில் சில மில்லிமீட்டர் வெற்று ஆட்டம் இருக்கிறதா? இல்லையென்றால் பெடலின் தண்டு மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனை அழுத்தியபடியே நிற்கிறது, ஆயில் திரும்பும் துளை திறப்பதில்லை. ஆட்டம் சரியாக இருந்தால் ஆயில் டப்பா மூடியின் ரப்பரைப் பாருங்கள். அது உப்பி, மூடிக்குள் அடங்காமல் நின்றால், யாரோ பிரேக் ஆயிலுக்குப் பதில் எஞ்சின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றியிருக்கிறார்கள். அப்போது மாஸ்டர், வீல் சிலிண்டர், ஹோஸ் என ஆயில் பட்ட ரப்பர் அத்தனையும் போயிற்று. சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாசர்களைப் பெட்ரோலில் கழுவினாலும் இதே கதிதான். வாசருக்குப் பிரேக் ஆயிலிலேயே கழுவல்.

இழுப்பது வேறு, லேசாக மிதித்ததும் ஒரு வீல் மட்டும் ‘டக்’கென்று பூட்டிக்கொள்வது வேறு. பூட்டுகிறதென்றால் பெரும்பாலும் லைனிங்கில் ஏதோ பட்டிருக்கிறது. வீல் சிலிண்டர் கசிந்து ஆயில் நனைந்தால் பிடிப்பு குறையும் என்றே பலர் நினைக்கிறார்கள். பல சமயம் லைனிங் பிசுபிசுத்துக் கவ்விவிடும். கசிவு எதுவென்று அறிய ஒரு துளியைத் தண்ணீரில் விடுங்கள். கரைந்தால் பிரேக் ஆயில். மிதந்து, கந்தக நெடி அடித்தால் அது பின் ஆக்சிலின் பல்சக்கரங்களுக்கு ஊற்றும் கிரவுன் ஆயில், அதாவது ஆக்சில் ஆயில் சீல் போயிருக்கிறது. சீல் மாற்றுமுன் ஆக்சில் மேலிருக்கும் பிரீதரை (காற்றுப் போக்கியை) துடைத்து, காற்று போகிறதா என்று பாருங்கள். அது செம்மண்ணில் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி புது சீலும் கசியும். நனைந்த ஷூவைத் தேய்த்தோ நெருப்பில் காட்டியோ காப்பாற்ற முடியாது. இரண்டு பக்கமும் மாற்றுங்கள். பிக்கப்களில் சுமைக்கேற்பப் பின் பிரேக்கைக் குறைக்கும் வால்வின் கம்பியைச் சிலர் மேலே இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். கேரட் மூட்டையோடு இறங்கும்போது தெரியாது. மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிட்டு காலியாகத் திரும்பும்போது ஈர வளைவில் பின்பக்கம் பூட்டி வழுக்கும்.

டிரம் கழற்றியிருக்கும்போது பேக் பிளேட்டில் (டிரம்முக்குப் பின்னால் ஷூக்களைத் தாங்கும் தகட்டில்) ஷூ உட்காரும் மேடுகளை விரலால் தடவுங்கள். பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அதில் மாட்டித் திரும்பாது. சுத்தம் செய்து, சூடு தாங்கும் பிரேக் கிரீஸை மெல்லிசாகத் தடவினால் போதும். லைனிங் தூசியைக் காற்றடித்து ஊதவேண்டாம். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

மழை மாதங்களில் இரவெல்லாம் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் லைனிங் டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். அது கோளாறே இல்லை. கியரில் போட்டு, வீலைத் திண்டுப் பக்கம் திருப்பி, கல் வைத்து நிறுத்தினால் வராது. இதற்கும் ஷூ மாற்றிய பில்கள் உண்டு.

ஆகக் கொடுமையானது, பின் லைனையே அடைத்துவிடுவது. பின் பிரேக்குக்கு ஆயில் போகும் குழாய்க்குள், பேரிங்கில் இருக்கும் ஒரு பால்ரஸ் குண்டைப் போட்டு நட்டை முறுக்கிவிடுவார்கள், ஜாம் போய்விடும். முன் பிரேக் மட்டும் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் போகும் குஞ்சப்பனை மலைப்பாதையில் இறங்கினால் அத்தனை சூடும் முன்னாலேயே ஏறும். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் இழுத்த பிறகு அந்த எல்லை 140 வரை இறங்கிவிடும். ஆவி கிளம்பினால் பெடல் தரைக்குப் போகும். வேலை முடிந்து எடுக்கும்போது பின்னால் இரண்டு நிப்பிளையும் திறந்து, பெடலை மிதிக்கச் சொல்லி, ஆயில் வருகிறதா என்று நின்று பாருங்கள்.

பில்லையும் சரிபார்க்கலாம். லேத்தில் கடைந்த டிரம்மின் உள்விளிம்பில் துருத் திட்டு இருக்கலாம். ஷூ தேய்க்கும் பரப்பில் பழைய கோடுகள் இருக்கக் கூடாது. அதிகபட்ச விட்டம் டிரம்மிலேயே வார்க்கப்பட்டிருக்கும், அதைத் தாண்டியதைக் கடைவதே தப்பு. வீல் சிலிண்டருக்கு டிரம்மைக்கூடக் கழற்ற வேண்டாம். பேக் பிளேட்டின் பின்புறம் அதைப் பிடித்திருக்கும் போல்ட் தலைகளையும், குழாய் நட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த வேனில் வலது பக்க போல்ட்களின் மேல் பல வருடச் செம்மண் கெட்டிப்பட்டு, அதன்மேல் ஆயில் பிசுக்கு ஏறி, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. குழாய் நட்டின் ஆறு முனையிலும் ஸ்பேனர் பட்ட பளபளப்பு இல்லை. பில்லில் “வீல் சிலிண்டர் – 2”.

அதைப் படமெடுத்து முதல் ஒர்க்‌ஷாப்பில் காட்டியதும் ஒரு சிலிண்டருக்கான பணம் திரும்ப வந்தது. பழைய மாஸ்டர் சிலிண்டரைக் காட்டச் சொன்னதற்கு, “காயலான் கடைக்குப் போயிருச்சுங்க” என்றார்கள்.