ரிவர்ஸ் சுவிட்ச் நல்லதுதான், கூட வருகிற சீட்டைத்தான் நம்ப முடியாது

சின்ன லேத்துக்கு 1 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் போட்டு ஓட்டுகிறவர்கள் என்றைக்காவது இந்த ரிவர்ஸ் பார்வேர்ட் சுவிட்சைத் தேடித்தான் ஆக வேண்டும், ஓட்டைக்குள் மரை வெட்டும் டேப் போட்டால் அதைக் கழற்றவாவது எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டுமே. நான் வாங்கியது ஆன்லைனில் கிடைக்கிற டிரம் சுவிட்ச், நடுவில் ஆஃப், இரண்டு பக்கமும் ஆன், உள்ளே ஆறு டெர்மினல். கைப்பிடி உறுதி, திருப்பினால் 'டக்'கென்று உட்காருகிறது, பித்தளைக் காண்டாக்ட் கனமாக இருக்கிறது. ஒயர் நுழைகிற ஓட்டைக்கு மட்டும் ரப்பர் புஷ் இல்லை, தகரத்தின் விளிம்பு கத்தி மாதிரி, நாமே ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும்.

எரிச்சல் கூட வந்த ஒயரிங் சீட்டில்தான். த்ரீ பேஸ் மோட்டாருக்கு மட்டும் படம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். விற்றவரிடம் கேட்டால், பேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுங்கள், திரும்பிவிடும் என்கிறார். ஏசியில் அது நடக்காது சார், மோட்டாருக்குள் ஓட வைக்கும் ரன்னிங் காயில், கிளப்பிவிடும் ஸ்டார்டிங் காயில் என்று இரண்டு உண்டு, இரண்டுக்கும் சேர்த்து மாற்றினால் மோட்டார் பழைய பக்கமேதான் சுற்றும். ரன்னிங் காயிலை அப்படியே விட்டுவிட்டு ஸ்டார்டிங் காயிலின் இரண்டு முனைகளை மட்டும் மாற்ற வேண்டும், விஷயம் அவ்வளவுதான்.

என் சுவிட்சில் ஒரு பக்கம் திருப்பினால் 1-2, 3-4 சேரும், மறுபக்கம் 1-3, 2-4 சேரும், 5-6 இரண்டிலும் சேரும். ஆகவே பேஸை 5-க்குக் கொடுத்து, 6-லிருந்து 1-க்கு ஒரு துண்டு ஒயர், அதே 6-லிருந்து ரன்னிங் காயிலின் ஒரு முனைக்கு இன்னொன்று. நியூட்ரல் 4-க்கும் ரன்னிங் காயிலின் மறுமுனைக்கும். ஸ்டார்டிங் காயில், கண்டென்சர், வேகம் ஏறியதும் தானாக வெட்டும் சென்ட்ரிபியூகல் சுவிட்ச் மூன்றும் வரிசையாகச் சேர்ந்த அந்தத் தொடரின் இரண்டு முனைகள் 2-க்கும் 3-க்கும். எர்த் மோட்டார் பாடிக்கும் சுவிட்சின் தகரப் பெட்டிக்கும் கட்டாயம். எல்லாக் கம்பெனியும் இதே எண் போடுவதில்லை, அதனால் ஒயரைத் தொடுவதற்கு முன் மல்டிமீட்டரில் எது எதோடு சேர்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஆஃபில் இந்தச் சுவிட்ச் ஒரு ஒயரைத்தான் வெட்டுகிறது, பிளக் மாறிச் சொருகியிருந்தால் மோட்டாரில் பேஸ் நின்றுகொண்டே இருக்கும். இந்தச் சுவிட்சுக்கு முன்னால் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டுகிற டபுள் போல் எம்சிபி ஒன்று போடாமல் விடாதீர்கள்.

வாங்குவதற்கு முன் மோட்டாரிலிருந்து எத்தனை ஒயர் வருகிறது என்று எண்ணுங்கள். நான்கு வந்தால் பிரச்சினை இல்லை, கண்டென்சர் இல்லாத ஜோடிதான் ரன்னிங், பெரும்பாலும் ஓம் குறைவாகக் காட்டுவதும் அதுவே. இரண்டோ மூன்றோதான் வருகிறது என்றால் காயில் முனைகளை உள்ளேயே முடிச்சுப் போட்டிருப்பார்கள், மூடியைக் கழற்றிப் பிரித்து வெளியே எடுக்க வேண்டும், அது ரீவைண்டிங் கடைக்காரர் செய்கிற வேலை. மூடியைக் கழற்றினால் கண்டென்சரை முதலில் ஒரு குண்டு பல்பு வைத்து டிஸ்சார்ஜ் செய்துவிடச் சொல்லுங்கள். வாஷிங் மெஷின் மோட்டார் போல இரண்டு காயிலும் ஒரே அளவில் இருந்தால் இந்தச் சுவிட்சே தேவையில்லை, சாதாரண டூவே சுவிட்ச் போதும்.

அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும்போது சடாரென்று எதிர்ப்பக்கம் திருப்பினால் மோட்டார் திரும்பாது. வேகம் முக்கால்வாசியைத் தாண்டியதும் சென்ட்ரிபியூகல் சுவிட்ச் ஸ்டார்டிங் காயிலை வெட்டிவிடுவதால், அது பாட்டுக்கு அதே பக்கம் ஓடும். சிலர் இதைச் சுவிட்ச் பழுது என்று திருப்பி அனுப்பி ஒரு ஸ்டாரும் போட்டிருக்கிறார்கள், பாவம் சுவிட்ச். ஆஃபில் நிறுத்தி, முழுக்க நின்ற பிறகுதான் திருப்ப வேண்டும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். வேலைத்துண்டைப் பிடிக்கிற 'சக்' மரையில் திருகி மாட்டப்படுகிற லேத் வைத்திருப்பவர்கள் மட்டும் ரிவர்ஸில் கனமாகக் கட்டிங் போடாதீர்கள், சக் கழன்று கையில் வந்துவிடும்.