உறை பிரிக்காத முக்கோணம்

இந்த முறை ஊரில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தோம். திருமணம், கோயில், உறவினர் வீடுகள் என்று எல்லாம் நல்லபடியாக நடந்தன. ஆனாலும் வேப்பூரைத் தாண்டித் தொழுதூருக்கு முன்னால், திருச்சி நெடுஞ்சாலை ஓரத்தில் நாங்கள் நின்ற ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது.

சென்னையிலிருந்து பெரம்பலூருக்கு வாடகைக் காரில் போய்க்கொண்டிருந்தோம். மார்கழி என்பதால் ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் மங்கிவிட்டது. வெப்பமுள் ஏறுவதைக் கண்டு ஓட்டுநர்த் தம்பி வேகத்தைக் குறைப்பதற்குள் ரேடியேட்டர் குழாய் வெடித்து, முன்கண்ணாடி முழுவதையும் ஆவி மறைத்தது. அவர் பதறாமல் இடப்பக்கம் ஒதுக்கினார். ஆனால் அங்கே ஒரு சிறு பாலம் தொடங்குவதால் சாலையோரம் குறுகிவிடுகிறது. காரின் வலப்பக்கச் சக்கரங்கள் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளேயே நின்றுவிட்டன.

அடுத்து நடந்தது நம் ஊரில் வண்டியில் போன எவருக்கும் தெரிந்ததுதான். தம்பி இறங்கி நான்கு கற்களைப் பொறுக்கிக் காருக்குப் பின்னால் பத்தடி தள்ளி வைத்தார். ஒரு வேப்பங்கொப்பை ஒடித்து டிக்கி மூடியில் செருகினார். பிறகு பானட்டைத் திறந்து உள்ளே பார்க்கத் தொடங்கினார். என் அம்மா, நடுத்திட்டில் அரளிச் செடிப் பக்கம் உட்காரலாம் என்று சாலையைக் கடக்கக் கால் எடுத்து வைத்துவிட்டார். என் மகளோ காருக்குள்ளேயே இருந்தாள்.

பதினாறு ஆண்டுகளாக இங்கிலாந்தில் ஓட்டுகிறேன். அங்கே மோட்டார்வே எனும் அதிவேகச் சாலையில் வண்டி நின்றால் எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாகவே இறங்க வேண்டும், தடுப்பு வேலிக்கு அப்பால் போய் நிற்க வேண்டும், சிறு பழுதாக இருந்தாலும் நாமே சரிசெய்ய முயலக் கூடாது என்பதெல்லாம் உரிமத் தேர்வுக்குப் படிக்கும்போதே மனத்தில் பதிந்துவிடும். மற்றச் சாலைகளில் வெளிச்சம் பட்டால் ஒளிரும் சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தைக் குறைந்தது 45 மீட்டர் பின்னால் வைக்கச் சொல்கிறார்கள். மோட்டார்வேயில் அதை வைக்கவே வேண்டாம் என்கிறார்கள், வைக்கப் போகிறவர் உயிருக்கே ஆபத்து என்பதால். இவையெல்லாம் ஒரே நொடியில் நினைவுக்கு வர, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்; மகளை இடப்பக்கமாக இறக்கி, இருவரையும் பாலத்துக்கு முன்னால் இருந்த இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லி மனைவியிடம் ஒப்படைத்தேன். சாலையின் ஓரமும் பாதுகாப்பில்லை என்பதை அப்போதே கண்டோம்: எதிர்த்திசையில் விளக்கில்லாமல் ஒரு பைக் எங்களை உரசியதுபோலக் கடந்தது.

முக்கோணம் இருக்கிறதா என்று தம்பியிடம் கேட்டேன். "இருக்கும் சார், வண்டியோடயே கொடுத்தாங்க, ஸ்டெப்னிகிட்ட கிடக்கும்" என்றார். அந்த ஸ்டெப்னியின் மேல்தான் ஒவ்வொன்றும் 23 கிலோ எடையுள்ள எங்கள் நான்கு பெட்டிகளும் இருந்தன. பாய்ந்து வரும் பேருந்துகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவற்றை ஒவ்வொன்றாக இறக்கினோம். உயிரைக் காக்க வேண்டிய பொருளை எடுப்பதற்காக உயிரைப் பணயம் வைத்து நின்ற அந்த மூன்று நான்கு நிமிடங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. முக்கோணம் கிடைத்தது. ஆறு ஆண்டு ஓடிய காரில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது.

அதை விரித்துப் பிடித்துக்கொண்டு, தடுப்புக்கு வெளிப்புறமாகவே பின்னோக்கி அறுபது தப்படி நடந்து போய்ச் சாலையோரத்தில் வைத்தேன். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். பத்தடி தள்ளிக் கிடக்கும் கல்லைக் கண்டு எந்த ஓட்டுநரும் நிறுத்த முடியாது. காரின் நான்கு இண்டிகேட்டர்களும் மின்னிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் சந்திப்பில் நேராகப் போகிறேன் என்று சொல்லவும், மழையில் ஓடும்போதும் அவற்றையே போடுகிற ஊரில், நின்றுவிட்ட வண்டி இது என்று தொலைவிலிருந்து யாருக்குப் புரியும்?

என் சிறு வயதில் இது இருவழிச் சாலை. புளியமரங்களுக்கு நடுவே வண்டிகள் மெதுவாகத்தான் போகும். ஒரு வண்டி நின்றால் பின்னால் வரும் லாரிக்காரர் இறங்கி, கயிறோ தண்ணீரோ கொடுத்துவிட்டுத்தான் போவார். அந்த வேகத்துக்குக் கல்லும் கொப்பும் போதுமாயிருந்தன. சாலை நான்கு வழியாகிவிட்ட பிறகும் நாம் அதே கல்லைத்தான் வைக்கிறோம்.

சுங்கச்சாவடிப் பலகையில் பார்த்த 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணை அழைத்தேன். பெரிய நம்பிக்கை இல்லாமல்தான் அழைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தமிழில் பேசிய பெண் முதலில் கேட்டது, யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று; அடுத்து, பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் என்ன எண் என்று. இறங்கிய உடனேயே மஞ்சள் தலைக் கல்லைப் பார்த்து வைத்திருக்க வேண்டும். அந்த இருட்டில் கைபேசி வெளிச்சத்தில் தேட வேண்டியதாயிற்று.

இருபத்தைந்து நிமிடத்தில் ரோந்து வண்டி வந்தது. ஒளிரும் சட்டை அணிந்த இருவர் பானட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் தம்பியைத் தடுப்புக்கு அப்பால் போகச் சொன்னார்கள். பிறகு வெகு பின்னாலிருந்து சாய்கோடாகக் கூம்புகளை வரிசையாக வைத்து, வருகிற வண்டிகளை வலப்பாதைக்குத் திருப்பினார்கள். இதைவிடச் சிறப்பாக இங்கிலாந்திலும் நான் கண்டதில்லை. இழுவை வண்டி வந்து தொழுதூர் வரை கொண்டுபோய் விட்டது. குழாயை மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

பாலத்தடியிலிருந்து புறப்படும்போது ரோந்துக்காரர்களில் மூத்தவர் அந்த நான்கு கற்களையும் தேடி எடுத்துப் பள்ளத்தில் எறிந்தார். "இதைப் போட்டுட்டே போயிடுவாங்க சார். ராத்திரி பைக்ல வர்றவன் இதுலதான் விழுவான்" என்றார்.

ஊரிலிருந்து விமான நிலையத்துக்குத் திரும்பும் நாளில் வேறொரு கார் வந்தது. பெட்டிகளை ஏற்றுவதற்கு முன்பே முக்கோணத்தைக் கேட்டு வாங்கி என் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அதன் உறையும் பிரிக்கப்படாமலே இருந்தது.