தோட்டாப் பெட்டியும் அதில் ஒட்டும் சீட்டும்: எம்.டி.எம். கேஸ்-கார்ட் பி-100

வீட்டில் தோட்டா ரீலோட் செய்பவர்கள், அதாவது சுட்ட பிறகு மிஞ்சும் உலோக உறையில் புதிதாகப் பிரைமர் (தட்டினால் தீப்பற்றும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு வைத்து மறுபடியும் தோட்டா ஆக்குபவர்கள், பிரஸ் என்ற அழுத்தும் கருவி, அதில் பொருத்தும் டை அச்சு, தராசு என்று தாராளமாகச் செலவு செய்கிறார்கள். செய்து முடித்த தோட்டாக்களை மட்டும் ஏதோ ஒரு பழைய அட்டைப் பெட்டியிலோ ஜிப் பையிலோ போட்டு வைத்துவிடுகிறார்கள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை. ஒரு பிளாஸ்டிக் பெட்டியைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

நான் வைத்திருப்பது எம்.டி.எம். கேஸ்-கார்ட் கம்பெனியின் பி-100. நூறு தோட்டா பிடிக்கும். .38 ஸ்பெஷல், .357 மேக்னம் என்ற இரண்டு ரிவால்வர் தோட்டாக்களுக்கும் ஒரே அளவுப் பெட்டிதான். நான் இருக்கும் ஓஹாயோவிலேயே, டேட்டனில் இருக்கிற கம்பெனி. பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக், கீல் வைத்த மூடி, முன்பக்கம் அழுத்தி மூடும் கொக்கி. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். விலையும் கையைக் கடிக்காது. இதற்கு முன் வேறொரு கம்பெனியின் மலிவுப் பெட்டி வைத்திருந்தேன். ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சிக் களம்) கொண்டுபோகும் பையில் கவிழ்ந்தபோது மூடி திறந்து, இரண்டு விதத் தோட்டாக்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. எது எந்த அளவு மருந்து போட்டது என்று தெரியாததால் அத்தனையையும் பிரித்துப் போட வேண்டியதாயிற்று.

பெட்டிக்குள் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனிக் குழி. குண்டு கீழே, பிரைமர் மேலே இருக்கும்படி வைத்தால் நூறு பிரைமரையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். சரியாக உட்காராமல் துருத்திக்கொண்டிருப்பதோ தலைகீழாகப் போனதோ உடனே கண்ணில் படும். மேசை விளக்கைச் சற்றுச் சாய்த்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

என்னைப் பொறுத்தவரை இதில் மிகவும் மதிப்புள்ள பாகம் கூடவே வருகிற சீட்டுதான். குண்டின் வகை, எடை, மருந்தின் பெயர், எத்தனை கிரெய்ன் (மருந்தை நிறுக்கும் சிறிய எடை அளவு), எந்த பிரைமர், தேதி என்று எழுதி ஒட்டி வைக்கலாம். கட்டங்கள் சிறியவை, மெல்லிய முனைப் பேனா வேண்டும். நான் கூடவே எந்தத் துப்பாக்கிக்காகச் செய்தது என்பதையும் எழுதிவிடுவேன். அந்த ஒரு வரி எதற்கு என்று பலர் கேட்கிறார்கள்.

ரேஞ்சுக்கு என்னோடு வரும் நம்மூர்த் தம்பி ஒருவர் கேட்டது இது. “அண்ணா, என்கிட்ட தீர்ந்துபோச்சு. உங்க பெட்டியில இருந்து ஒரு பத்து குடுங்களேன். அதான் எல்லாமே எழுதி ஒட்டியிருக்கீங்களே!”

கொடுக்கவில்லை. எழுதி ஒட்டியிருப்பது எனக்காக. அடுத்தவர் துப்பாக்கிக்கு அது உத்தரவாதம் ஆகாது. அவருடையது சின்ன உருவத்தில் வந்த பழைய .38 ரிவால்வர். என்னுடையது .357. இரண்டிலும் .38 தோட்டா அச்சாகப் பொருந்தும், சிக்கலே அங்கேதான் இருக்கிறது. .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தோட்டாத் தொழிலின் தர அமைப்பு வைத்திருக்கும் அழுத்த வரம்பு 17,000 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). .357 மேக்னத்துக்கு 35,000, ஏறக்குறைய இரட்டிப்பு. என் .357 தாங்கும் என்று நான் .38 உறைக்குள் சற்றுக் காரமாக மருந்து போட்டிருந்தால், அதே தோட்டா அவர் துப்பாக்கிக்குள்ளும் தடையில்லாமல் நுழையும். சுட்ட பிறகுதான் தெரியும்.

இது நானாகக் கிளப்பும் பயமில்லை, பழைய கதை. 1930-இல் ஸ்மித் அண்ட் வெஸன் .38/44 என்று ஒரு கனமான ரிவால்வரைக் கொண்டுவந்தது. அதற்கான தோட்டா, அளவில் சாதாரண .38-ஐப் போலவே இருக்கும், அழுத்தம் மட்டும் அதிகம். 1935-இல் .357 மேக்னம் வந்தபோது உறையைச் சுமார் எட்டில் ஒரு அங்குலம் நீட்டிவிட்டார்கள். அந்த நீளத்தால்தான் .357 தோட்டா .38 ரிவால்வருக்குள் முழுதாகப் போகாது. தொழிற்சாலைக்காரர்கள் உலோகத்திலேயே வைத்த தடுப்பு அது. வீட்டில் .38 உறையில் செய்யும் தோட்டாவுக்கு அப்படி ஒரு தடுப்பும் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. .38 ஸ்பெஷல் 1890-களின் கடைசியில், கரிமருந்துக் காலத்து அளவில் உருவான உறை. உள்ளே இடம் அதிகம். இன்றைய வேகமான மருந்தை இலக்குச் சுடுதலுக்கான அளவில் போட்டால் உறையின் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். கவனம் சிதறி அதே உறையில் இரண்டாம் முறை விழுந்தாலும் வழியாது, குண்டு அதன்மேல் அழகாக உட்கார்ந்துவிடும். வெளியில் இருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மருந்தே விழாமல் போனாலும் ஆபத்துதான். பிரைமரின் தள்ளலில் குண்டு குழாய்க்குள் நின்றுவிடும், அடுத்த சுடுதலில் குழாய் வெடிக்கலாம். நான் ஒவ்வொரு உறைக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்துத்தான் குண்டை வைக்கிறேன். ஆனால் அப்படிப் பார்த்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். அந்தத் தம்பிக்கு என் வாய்ச்சொல் மட்டும்தான் சாட்சி. கையும் கண்ணும் போகக்கூடிய விஷயத்தில் அவ்வளவை வைத்துக்கொண்டு அவரைச் சுடச் சொல்ல எனக்கு மனம் வராது. அதே காரணத்தால் மற்றவர் செய்த தோட்டாவை நானும் வாங்குவதில்லை, எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி.

சட்டத்தைக் கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதைத் தொழிலாகச் செய்தால் தயாரிப்பாளர் உரிமம் வேண்டும். சும்மா கொடுப்பது வேறு விஷயம். ஆனால் கை போனவரிடம் சட்டம் என்ன சொல்லி என்ன? துப்பாக்கிக் கம்பெனிகள் பலவும் ரீலோட் செய்த தோட்டாவைப் போடாதே என்று கையேட்டிலேயே எச்சரிக்கின்றன. போட்டு உடைந்தால் உத்தரவாதம் செல்லாது என்பதும் அதில் இருக்கும்.

விருந்தாளிக்கென்று கடையில் வாங்கிய தோட்டாப் பெட்டி ஒன்றை இப்போது பையில் வைத்திருக்கிறேன். அன்றைக்கு அந்தத் தம்பிக்கும் அங்கேயே ரேஞ்ச் கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முகம் கொஞ்சம் வாடியது உண்மைதான். அப்புறம் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து என் பிரஸ்ஸில் அவரே உட்கார்ந்து, அவர் துப்பாக்கிக்கு அவரே செய்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. சுட்ட உறைகளைத் தாராளமாகக் கொடுப்பேன், அதில் எனக்குக் கணக்கே இல்லை.

சரி, பெட்டிக்கு வருகிறேன். .38 உறை .357-ஐவிடக் குட்டை. வாட்கட்டர் என்ற தட்டை முனைக் குண்டை உறை வாயோடு மட்டமாக வைத்துச் செய்தால் தோட்டா குழியில் ஆழமாக இறங்கிவிடும், விரலால் பிடித்து எடுப்பது சிரமம். குளிரில் கையுறையோடு இன்னும் சிரமம். நீளமான .357-க்கும் இடம் விட வேண்டியிருப்பதால் இது தவிர்க்க முடியாதது. பெட்டியைக் கையில் கவிழ்த்துத்தான் எடுக்கிறேன்.

ஒளி ஊடுருவும் நீலம், சிவப்பு, பச்சை, புகை நிறங்களில் கிடைக்கிறது. மிதமான .38-க்கு நீலம், .357-க்கு சிவப்பு என்று பிரித்து வாங்குங்கள், தூரத்திலிருந்தே தெரியும். ரைபிள்காரர்கள் பி வரிசையை விட்டுவிட்டு ஆர்எஸ், ஆர்எம், ஆர்எல் என்று தோட்டா நீளத்துக்கு ஏற்றதைப் பார்க்கவும். .223-க்கு ஆர்எஸ் போதும்.