ஸ்பீக்கர் ஸ்டாண்டை நாமே செய்வதென்றால்: இரும்பா, ப்ளைவுட்டா, பி.வி.சி. பைப்பா?

புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு (தானே தரையில் நிற்காத சின்னப் பெட்டி ஸ்பீக்கர்) வீட்டிலேயே ஸ்டாண்ட் செய்ய மூன்று வழிகள்தான் பெரும்பாலும் பேச்சில் வரும். சதுர இரும்புக் குழாயில் மேலும் கீழும் தகடு வைத்து வெல்டிங் செய்வது ஒன்று. ப்ளைவுட்டைப் பெட்டித் தூணாக ஒட்டுவது இன்னொன்று. மூன்றாவது, பி.வி.சி. பைப்பை இரண்டு பலகைகளுக்கு நடுவில் நிறுத்தி, உள்ளே ஒரு நீள மரைக்கம்பியை விட்டு இரு முனையிலும் நட்டுப் போட்டு இறுக்குவது. நான் செய்து பயன்படுத்துவது மூன்றாவதைத்தான். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

ஸ்டாண்ட் ஆடக்கூடாது, அடிப்பலகை ஸ்பீக்கரைவிட அகலமாக இருக்க வேண்டும், தூணுக்குள் மணல் நிரப்ப வேண்டும். இவை மூன்று வகைக்கும் பொது. வெறும் இரும்புக் குழாயை விரலால் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும். மணல் போட்டதும் அந்த ஒலி அடங்கிவிடும். என் காதுக்கு, மணல் நிரப்பிய பிறகு ஒலியில் இந்த மூன்றுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே எது நன்றாக ஒலிக்கும் என்பதை வைத்து இதில் தேர்ந்தெடுக்க முடியாது.

இரும்பு ஒல்லியாக, அழகாக நிற்கும். எவ்வளவு எடையையும் தாங்கும். ஆனால் வெல்டிங் சூட்டில் மெல்லிய தகடு லேசாக வளைந்துவிடும், ஸ்டாண்ட் ஒரு மூலையில் ஆடும். மணலில் ஈரம் இருந்தால் உள்ளே துரு பிடிக்கும். ப்ளைவுட் பெட்டி எடையில் ஜெயிக்கும்: 18 மி.மீ. பலகையில் வெளி அளவு 15 செ.மீ. சதுரமாக, 60 செ.மீ. உயரத்துக்குத் தூண் செய்தால் சுமார் 12 கிலோ உலர் மணல் பிடிக்கும். அதே உயரத்தில் 110 மி.மீ. பைப் ஏழெட்டு கிலோதான் கொள்ளும். பார்வைக்கும் மரம்தான் முதலிடம், அதில் எனக்கு மறுப்பில்லை.

அப்புறம் ஏன் பைப்? உயரம். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ட்வீட்டர், அதாவது பெட்டியில் உச்ச ஒலிகளைத் தரும் சின்ன வட்டம், நம் காது மட்டத்துக்கு வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. காரணம் ட்வீட்டரின் ஒலி நேராகப் பாய்வது மட்டுமல்ல. ட்வீட்டரும், கீழ் ஒலிகளைத் தரும் பெரிய வட்டமான ஊஃபரும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் இடம் பெரும்பாலும் 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸ். 2.5 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 14 செ.மீ.தான். காது மேலேயோ கீழேயோ போனால் இரண்டிலிருந்தும் வரும் தூரம் மாறி, அந்தப் பகுதியில் ஒலி ஒன்றையொன்று கொஞ்சம் அழிக்க ஆரம்பிக்கும். பாடுபவரின் குரல் தெளிவு இருக்கும் இடம் அது. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சில செ.மீ. பிசகு ஒன்றும் செய்யாது. சின்ன அறையில் ஒன்றரை மீட்டரில் உட்கார்ந்து கேட்பவருக்கு 20 செ.மீ. வித்தியாசம் தெரியும்.

இந்த 20 செ.மீ. எங்கிருந்து வரும் என்றால், நாற்காலியிலிருந்து வரும். தாழ்வான சோஃபாவில் சாய்ந்து உட்கார்ந்தால் காது தரையிலிருந்து 95 செ.மீ. வாக்கில் இருக்கும், நேராக உட்காரும் நாற்காலியில் 110-ஐத் தாண்டிவிடும். ஸ்பீக்கரை மாற்றினாலும் இதே கதைதான். சிலவற்றில் ட்வீட்டர் ஊஃபருக்குக் கீழேகூட இருக்கும். ஸ்டாண்ட் பல வருஷம் உழைக்கும் பொருள். அதற்குள் சோஃபாவோ ஸ்பீக்கரோ அறையோ மாறும். வெல்டிங் செய்ததையும் பசை போட்டு ஒட்டியதையும் அப்போது அறுத்துத் திரும்பச் செய்ய வேண்டும், இல்லையென்றால் ஸ்பீக்கரைச் சாய்த்து வைத்துச் சமாளிக்க வேண்டும். பைப் ஸ்டாண்டில் பைப்பை மட்டும் மாற்றினால் போதும்.

நான் சோஃபாவை எடுத்துவிட்டு நாற்காலி போட்டபோது செய்தது அதைத்தான். ஸ்பீக்கரை இறக்கி, மேல் நட்டைக் கழற்றி, பலகையை எடுத்து, மணலை வாளியில் கொட்டி, நீளமான புதுப் பைப்பை நிறுத்தினேன். மரைக்கம்பிக்கு நீள நட்டு ஒன்றைப் போட்டு இன்னொரு துண்டு சேர்த்தேன்; அது மணலுக்குள் மறைந்துவிடும். பலகைகள், மணல் எல்லாம் பழையவையே. உயரத்தைக் குறைப்பது இன்னும் சுலபம். கம்பியை அறுக்கும் முன் ஒரு நட்டை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். அறுத்த பிறகு அதைச் சுழற்றி வெளியே எடுத்தால் நசுங்கிய மரை சரியாகிவிடும்.

செய்முறையில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, பைப் நகராமல் இருக்க, அதன் உள்வட்டத்துக்குப் பொருந்தும் வட்டத் துண்டை மேல், கீழ்ப் பலகைகளில் திருகி வைப்பது. அடியில் மட்டும் சிலிக்கோன் பூசினால் மணல் கசியாது. மேலே எதையும் ஒட்ட வேண்டாம். இன்னொன்று கணக்கு. காது உயரம் 95, ஸ்பீக்கரின் அடியிலிருந்து ட்வீட்டர் 27 என்றால் ஸ்டாண்ட் 68 செ.மீ. இருக்க வேண்டும். நட்டுப் புதைய இடம் வேண்டும் என்பதால் மேலும் கீழும் இரட்டைப் பலகை, தலா 3.6 செ.மீ. ரப்பர் பாதத்துக்கு ஒரு செ.மீ. மீதி, சுமார் 60 செ.மீ.தான் பைப். மணலை வெயிலில் நன்றாகக் காயவைத்து, தட்டித் தட்டி நிரப்புங்கள்.

பராமரிப்பு என்று பார்த்தால், இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் காலப்போக்கில் கொஞ்சம் தளரும், மணலும் அமரும். எப்போதாவது நட்டை ஒரு திருகு திருகினால் சரி. வழவழப்பான பைப்பில் பெயின்ட் நேரடியாக ஒட்டாது. உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடித்துவிட்டுத்தான் பூச வேண்டும். கருப்புத் துணி சுற்றினாலும் நன்றாகவே இருக்கும். வயரைப் பைப்புக்கு வெளியே பின்பக்கமாகக் கட்டிவிடுங்கள். உள்ளே விட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மணலைக் கொட்ட வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். நான் இதில் வைத்திருப்பது ஏழு கிலோ அளவிலான ஸ்பீக்கர். 12 கிலோவுக்கு மேல் போகிறவற்றை வைத்துப் பார்த்த அனுபவம் எனக்கில்லை. அத்தகைய ஸ்பீக்கர் என்றால், அல்லது ஓடியாடும் குழந்தைகள் உள்ள வீடென்றால், உயரம் மாற்றும் வசதியை விட்டுக்கொடுத்து, அகலமான அடிப்பலகையோடு ப்ளைவுட் பெட்டித் தூணைத்தான் நானே செய்வேன்.