ரெய்க்யாவிக்: நகர மையமா, லோய்கார்தலூரா, ஹப்னார்ஃப்யோர்துரா?

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யாவிக்கில் அறை தேடுவோர் பெரும்பாலும் வாடகையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதற்கு முன் கார் எடுக்கப்போகிறோமா என்பதை முடிவு செய்ய வேண்டும். ஐஸ்லாந்தில் ரயிலே கிடையாது. கெஃப்லாவிக் விமான நிலையமும் 50 கி.மீ. தள்ளி இருக்கிறது.

கார் இல்லாதவர்களுக்கு 101 என்ற அஞ்சல் எண் கொண்ட நகர மையம்தான் சரி. ஆனால் பெரிய சுற்றுலாப் பேருந்துகளை 2017 முதல் அங்குள்ள தெருக்களுக்குள் விடுவதில்லை. எண் போட்ட நிறுத்தங்களில்தான் ஆட்களை ஏற்றுவார்கள்: நகர மன்றம் 1, ஹால்கிரிம்ஸ்கிர்க்யா தேவாலயம் 8. பதிவு செய்யும் முன்பே விடுதியிலிருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் அளந்துவிடுங்கள். டிசம்பரில் சூரியன் உதிக்கவே பதினொரு மணி போல ஆகிவிடும். காலைப் பேருந்துக்கு இருட்டில்தான் நடக்க வேண்டும். லோய்கவெகூர் போன்ற முக்கியத் தெருக்களில் நடைபாதைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுவதால் பனி தங்காது. பக்கத்துச் சந்துகள் கண்ணாடியாய் வழுக்கும். காலணியில் மாட்டும் முள்பட்டை அவசியம். வெள்ளி, சனி இரவுகளில் மதுக்கூடங்கள் விடியற்காலை வரை திறந்திருக்கும். தெருவைப் பார்த்த அறை வேண்டாம்.

கார் எடுப்பவர்களுக்கு இதே மையம் தலைவலி. பி1 எனப்படும் வாகன நிறுத்த மண்டலத்தில் காலை 9 முதல் இரவு 9 வரை கட்டணம். ஒரே இடத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தவும் முடியாது. இவர்கள் கிழக்கே சுமார் 3 கி.மீ. தள்ளியுள்ள லோய்கார்தலூருக்குப் போகலாம். திங்வெட்லிர் தேசியப் பூங்கா பக்கம் கிளம்பும்போது ஊருக்குள் நுழையவே வேண்டாம். கூடாரத் திடலும், நகரின் மிகப்பெரிய நீச்சல்குளமும் இங்கேதான். அலைச்சலுக்குப் பிறகு அங்குள்ள வெந்நீர்த் தொட்டியில் உட்காரும் சுகத்துக்காகவே இந்தப் பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இறங்கும் முன் நீச்சலுடை இல்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். குளத்தில் குளோரின் குறைவு என்பதால் இந்த விதியில் தளர்வு கிடையாது.

ஹப்னார்ஃப்யோர்துர் தெற்கே 10 கி.மீ.; விமான நிலையச் சாலையிலேயே இருக்கிறது. 55ஆம் எண் பேருந்து விமான நிலையத்துக்கும், 1ஆம் எண் நகருக்கும் போகும். 1ஆம் எண் பேருந்துக்கான சீட்டைக் கிளாப்பித் என்ற கைபேசிச் செயலியில் எடுக்கலாம். அதே சீட்டில் 75 நிமிடத்துக்குள் வேறு நகரப் பேருந்துக்கு மாறி ஏறலாம். இரவில் தாமதமாகத் திரும்புவோருக்கு இந்த ஊர் ஒத்துவராது. அதிகாலை விமானத்துக்கு முந்தைய ஒரே ஓர் இரவுக்கு மிகப் பொருத்தம்.

எங்கே தங்கினாலும் சமையலறையுள்ள அறையாகப் பாருங்கள். உணவக விலை அவ்வளவு கடுமை. போனுஸ், குரோனன் கடைகளில் சாமான் வாங்கலாம். சோறு வடிக்கக் குளிர்நீர்க் குழாயையே திறங்கள். வெந்நீரில் கந்தக வாடை அடிக்கும். வாடகைக் காரில் இன்னொரு கவனம்: காற்றை எதிர்நோக்கி நிறுத்தி, கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறக்க வேண்டும். காற்று கதவை வளைத்துவிட்டால் பல காப்பீடுகள் அந்தச் செலவை ஏற்காது.