சத்தியவான் சாவித்திரி, விடிய விடிய: எமனுக்குப் பின்னால் நடக்கத் தெரிந்த குழு

கடலூர்ப் பக்கத்து அம்மன் கோயில் ஒன்றில் ஆடிக் கூழ்வார்த்தலுக்கு ‘சத்தியவான் சாவித்திரி’ ஆடிய தெற்கத்திப் பாணித் தெருக்கூத்துக் குழுவைப் பற்றியது இது. இதே கதையை வைக்க நினைக்கும் விழாக்குழுவினர் தாம்பூலம் மாற்றுவதற்கு முன் படித்துக்கொள்வது நல்லது. சாவித்திரி வேஷக்காரர் ஒருவருக்காகவே இந்தக் குழுவைக் கூப்பிடலாம். ஆனால் சில ஏற்பாடுகளை முதலிலேயே பேசிவிடாவிட்டால் கதையின் உயிரான இடம் கெட்டுப்போகும்.

ஒரே வருஷத்தில் சாகப்போகிறவன் என்று நாரதர் சொல்லியும் சத்தியவானையே கட்டிக்கொண்டவள் சாவித்திரி. நாள் வருகிறது. விறகு வெட்டப்போன காட்டில் தலைவலி என்று அவள் மடியிலேயே சாய்கிறான். எமன் உயிரைப் பாசக்கயிற்றில் பிடித்துக்கொண்டு தெற்கே நடக்க, இவளும் பின்னாலேயே நடக்கிறாள். சபதம் இல்லை, சண்டை இல்லை, நடையும் பேச்சும்தான். பாரதக் கூத்துக்குப் பழகிய குழுக்கள் இந்த இடத்தில்தான் சறுக்கும். பத்து மணிக்குக் களரி கட்டினால், அதாவது வாத்தியம் முழக்கிக் கூத்தைத் தொடங்கினால், எமன் வர இரண்டு, இரண்டரை ஆகிவிடும். பாதிக் கூட்டம் பாயில் சாய்ந்திருக்கும். பயந்துபோய் இந்தக் காட்சியைச் சுருக்கிவிடுவார்கள்.

இவர்கள் சுருக்கவில்லை. எமனுக்குக் கிரீடம், தோளில் கட்டும் புஜக்கீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாம் உண்டு. மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கட்டைகள் அவை. அந்தக் கனத்தோடு அவர் தாளத்தின் மேல் ஊன்றி மிதிக்கிறார். கட்டையில்லாத ஸ்திரீ வேஷம் அரைத்தட்டுப் பிந்தி, சலங்கை அதிராமல் அடி வைக்கிறது. மத்தளக்காரர் எமனுக்கு முழுக்கையால் அடித்து, இவளுக்கு விரலளவில் குறைக்கிறார். கண்ணை மூடிக் கேட்டாலும் இரண்டு பேர் நடப்பது தெரிகிறது. ஒவ்வொரு வரம் முடிந்ததும் இடைவெளி ஓரடி குறைகிறது. இதை யோசித்துச் செய்த வாத்தியார் பெரிய கெட்டிக்காரர்.

கதையை நடத்திக் கோமாளி வேலையும் பார்க்கும் கட்டியக்காரரும் அளவறிந்தவர். “சாமி, பின்னாடியே ஒரு அம்மா வருது, திரும்பிப் பாக்காதீங்க, பாத்தா குடுத்துடுவீங்க” என்று ஒரே வரியில் கூட்டத்தை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அங்கே நாலு சிரிப்பு கூடுதலாகச் சேர்த்திருந்தால் காட்சி போயிருக்கும்.

வரங்களில் ஒரு குறை. மகாபாரதத்தின் வனபருவத்தில் மாமனாருக்குப் பார்வை, இழந்த ராஜ்யம், தகப்பனாருக்கு நூறு பிள்ளைகள், பிறகு தனக்கு நூறு பிள்ளைகள் என்று படிப்படியாக ஏறும். அதன் பிறகுதான் புருஷன் உயிர். இவர்கள் தகப்பனார் வரத்தை விட்டுவிட்டார்கள். அப்பனுக்கு நூறு கொடுத்த வாய்தான் மகளுக்கும் நூறு என்று யோசிக்காமல் கொடுக்கிறது. அந்தப் படி இல்லாமல் எமன் திடீரென ஏமாந்தவர் போலத் தெரிகிறார். பத்து நிமிஷம் கூடினாலும் பரவாயில்லை, சேர்க்கச் சொல்லுங்கள்.

பெரிய குறை சத்தியவான். செத்து விழுந்தவர் கொஞ்ச நேரத்தில் நழுவித் திரைக்குப் பின்னால் போய்விட்டார். கட்டைகளோடு அத்தனை நேரம் படுக்க முடியாதுதான். கண்ணாடி உதிரும், தோளில் அழுத்தும். ஆனால் உடல் ஒரு மூலையில் கிடந்தால்தான் அவள் எவ்வளவு தூரம் வந்துவிட்டாள் என்று கண்ணுக்குத் தெரியும். வழி சுலபம்: மடியில் சாயும்போதே சாவித்திரி கிரீடத்தையும் புஜக்கீர்த்தியையும் கழற்றி வைக்கட்டும், மனைவி செய்வதாகவே பொருந்தும். எழுந்துதான் ஆகவேண்டும் என்றால் வெள்ளை வேட்டிக்கடியில் சுருட்டிய பாயையாவது வைக்கவேண்டும்.

மைக் விழாக்குழுவின் பொறுப்பு. நட்டு வைக்கும் மைக் இரண்டு போதும் என்று விட்டதால் எமன் பாட்டுக்குப் பாட்டு நின்ற இடத்துக்கே திரும்பவேண்டியிருந்தது. மேலே குறுக்குக் கயிறு கட்டி மூன்று மைக் தொங்கவிடுங்கள். சட்டையில் குத்தும் மைக் வேண்டாம். மார்ப்பதக்கம் உரசி உரசிக் கரகரக்கும். விளக்கு மஞ்சளாக இருக்கட்டும். வெள்ளை எல்இடியில் முகத்தில் பூசும் முத்துவெள்ளை நீலம் பாய்ந்து சாவித்திரியும் பிணம் போலத் தெரிகிறாள். கடற்காற்றின் ஈரத்தில் நடுச்சாமத்துக்கு மேல் மத்தளம் இறங்கும். சுருதி சேர்க்க ஐந்து நிமிஷம் கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். முகவீணை என்ற சின்ன ஊதுகுழல் இல்லாமல் ஆர்மோனியத்தோடு வருவதும் உண்டு. மடிச் சாவுக்கு முகவீணை வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

இந்தக் கதைக்கு இந்த மண்ணில் தனி உரிமை உண்டு. இதை நாடகமாக எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில்தான் காலமானார். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. அரவிந்தர் இதை ஆங்கிலக் காவியமாக விரித்ததும் புதுச்சேரியில் இருந்தபடிதான்.

விடியும் நேரத்தில் சத்தியவான் கண் விழித்து, “ரொம்ப நேரம் தூங்கிட்டேனா?” என்கிறான். சாவித்திரி எதையும் சொல்லாமல் கோடாலியை எடுத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் நடக்கிறாள். இரவெல்லாம் பின்னால் நடந்தவள். இதற்காகவாவது மங்களம் வரைக்கும் உட்கார்ந்திருங்கள்.