முதல் வெளிநாட்டு டூரா? எல்ல வேண்டாம், அப்புத்தளையில் தங்குங்கள்

எங்கள் பக்கம் வெளிநாடு என்றால் சம்பாதிக்கப் போகிற இடம்தான். கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் என்று எந்த ஊரை எடுத்தாலும் தெருவுக்கு நாலு பேர் சவுதியிலோ துபாயிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். ஆனால் குடும்பத்தோடு ஊர் சுற்றிப் பார்க்கப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படி முதல் தடவையாகக் கிளம்புகிறவர்களுக்குத்தான் இது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இலங்கை மலைநாட்டுக்குப் போங்கள், அப்புத்தளையில் ஒரே வீட்டில் தங்குங்கள், முழு டூருக்கும் வேன் பேசாதீர்கள்.

டூர் ஏஜென்ட்டிடம் கேட்டால் கொழும்பு, கண்டி, நுவரெலியா, எல்ல, காலி என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திணித்து ஒரு தாளை நீட்டுவார். எனக்கும் ஒருவர் நீட்டினார். வேன் வாடகை, டிரைவர் பேட்டா, டிரைவர் தங்குகிற செலவு எல்லாம் நம் தலையில். தினமும் காலையில் பெட்டியைக் கட்டி ராத்திரி வேறு ஊரில் அவிழ்க்க வேண்டும். முட்டி வலியோடு அம்மாவையும், வளைவுப் பாதை என்றாலே வாந்தி எடுக்கிற பையனையும் கூட்டிக்கொண்டு இதைச் செய்தால் அதற்குப் பெயர் விடுமுறையா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எல்ல எல்லோரும் போகிற இடம். அழகான ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் மெயின் ரோடு முழுக்க ஓட்டல், காபிக்கடை, ராத்திரி பாட்டுச் சத்தம், எதைத் தொட்டாலும் வெள்ளைக்காரர்களுக்கு வைத்த விலை. நுவரெலியாவில் குளிர் இன்னும் அதிகம், ஏப்ரல் சீசனில் கூட்டம் தாங்காது, ரயிலில் வந்தால் நானுஓயாவில் இறங்கி மறுபடி வண்டி பிடிக்க வேண்டும். அப்புத்தளையில் ஸ்டேஷன் ஊருக்கு நடுவில், பஸ் நிற்கிற இடம் அதிலிருந்து கூப்பிடு தூரம், காய்கறிக்கடையும் மருந்துக்கடையும் அங்கேயே. ஊர் ஒரு மலை முகட்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் தெற்குப் பக்கம் பார்த்தால் சமவெளி வரை அப்படியே விழுகிறது, பனை மரத்துக்கு மேல் உயரமாக எதையும் பார்த்துப் பழகாத நமக்கு முதலில் கால் கூசும்.

நாங்கள் தங்கியது ஒரு குடும்பம் மேல்மாடியை வாடகைக்கு விடுகிற வீடு. அறை சுத்தம், ஜன்னலைத் திறந்தால் தேயிலை. காலையில் இடியாப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் வந்தபோது அம்மா முகத்தில்தான் முதலில் சிரிப்பைப் பார்த்தேன், வெளிநாட்டுச் சாப்பாடு எப்படியிருக்குமோ என்று கிளம்பியதிலிருந்து பயந்துகொண்டிருந்தார். கடையில் தொதல்கூடக் கிடைக்கிறது, கீழக்கரைத் தொதல் சாப்பிட்ட வாய்க்கு அது கொஞ்சம் சுமார்தான். மீன் மட்டும் வேண்டாம்: கடலிலிருந்து அவ்வளவு உயரத்துக்கு ஐஸில் ஏறி வருகிற மீனை நம் ஊர்க்காரன் சாப்பிட முடியாது. குறைகளும் உண்டு. ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்குகிற படிகள் செங்குத்து, புக் செய்யும்போது படத்தில் அது தெரியாது, வயதானவர்கள் இருந்தால் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். வெந்நீர் முதலில் குளிப்பவருக்கு மட்டும். போர்வையில் எப்போதும் ஓர் ஈரவாடை. ராத்திரி குளிரில் பிள்ளைகள் சட்டைக்கு மேல் சட்டை போட்டுப் படுத்தார்கள்.

மொழிக் கவலையே இல்லை. தோட்டங்களில் இருப்பவர்கள் தமிழர்கள், ஆட்டோக்காரரும் தமிழ். எங்களை லிப்டன் சீட் என்கிற மலையுச்சிக் காட்சி முனைக்குக் கூட்டிப்போனவர், "எந்தப் பக்கம் அண்ணே?" என்று கேட்டார். மண்டபம் பக்கம் என்றதும் வண்டியை ஓரம் கட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். மண்டபம் கேம்ப்பை நாம் அகதிகள் முகாமாகத்தான் பார்த்து வளர்ந்தோம். அதற்கு முன்பு அது இலங்கை அரசு நடத்திய இடம். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலி ஆட்களை அங்கே தடுத்து வைத்து, நோய் நொடி இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் கப்பல் ஏற்றினார்கள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டபின் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தமிழர்களில் ஏராளமானோர் முதலில் வந்து தங்கியதும் அதே மண்டபத்தில்தான். அவருடைய பெரியப்பா குடும்பம் அப்படி வந்து இப்போது கோத்தகிரியில் இருக்கிறதாம். தாத்தா வாயிலிருந்து கேட்ட ஊர்ப் பெயரை என் வாயிலிருந்து கேட்டதாகச் சொன்னார். திரும்பி வரும்போது பேசிய வாடகையில் குறைத்துக்கொள்கிறேன் என்றார், நான் ஒத்துக்கொள்ளவில்லை.

லிப்டன் சீட்டுக்கு விடியும்போதே கிளம்புங்கள். ஒன்பது பத்து மணிக்குள் மூடுபனி ஏறிவிடும், அப்புறம் வெள்ளைத் துணியைத்தான் பார்க்க வேண்டும். மிச்சம் பிடிக்க நினைத்தால் தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலை வரை தோட்ட பஸ்ஸில் போகலாம், தேயிலை வியாபாரி லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலை அது. அங்கிருந்து மேலே ஏழு கிலோமீட்டர் போல ஏற்றம். அதிஷம் பங்களாவும் பக்கத்தில்தான். அது மடாலயம் என்பதால் பெரும்பாலும் சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி) நாட்களில்தான் உள்ளே விடுவார்கள், அங்கே விற்கிற ஜாம் நன்றாக இருக்கிறது.

எல்லவுக்கு ஒரு நாள் ரயிலில் போய்வந்தோம், தியத்தலாவை, பண்டாரவளை வழியாக. டிக்கெட் நம் ஊர் டீச்செலவுதான். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துவிட்டு அப்படியே தெமோதரை வரை போனால், ரயில் வட்டமடித்து அதே ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் புகுந்து போவதைப் பார்க்கலாம், என் பையனுக்கு மொத்த டூரில் பிடித்தது அதுதான். கொழும்புக் கோட்டையிலிருந்து மலைக்கு வருகிற ரயிலில் ரிசர்வேஷன் திறந்தவுடன் தீர்ந்துவிடுகிறது, பிளாக்கில் விற்கிறவர்களிடம் மாட்டாதீர்கள். ரிசர்வ் இல்லாத டிக்கெட் ஸ்டேஷனிலேயே கொடுப்பார்கள், ஆனால் பகல் முழுக்க நின்றுகொண்டே வர நேரலாம், அம்மா வயதுக்காரர்களுக்கு அது ஆகாது. இன்னொன்று, நாங்கள் போய்வந்த பிறகு 2025 நவம்பரில் திட்வா புயல் அந்த மலைப் பாதையைப் பல இடங்களில் பெயர்த்துப் போட்டுவிட்டது, ஆகவே எந்த ஸ்டேஷன் வரை ரயில் ஓடுகிறது என்று விசாரித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். ரயில் இல்லையென்றால் கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பெரகல வழியாகப் பதுளைப் பக்கம் போகிற பஸ் இருக்கிறது. வேகம் கொஞ்சம் பயங்கரம்.

சொந்தமாகக் கார் ஓட்டலாமா என்று மச்சான் கேட்டான். அங்கேயும் நம்மைப் போல இடது பக்கப் போக்குவரத்துதான். ஆனால் நம் லைசென்ஸ் செல்லாது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் சர்வதேச அனுமதி எடுத்தாலும் அங்கே போய் அதற்கு மறுபடி ஓர் அங்கீகாரம் வாங்க வேண்டும். ஈ.சி.ஆரில் நேர்கோட்டில் ஓட்டிப் பழகிய கை, மூடுபனியில் கொண்டை ஊசி வளைவில் தனியார் பஸ் எதிரே வரும்போது என்ன செய்யும்? விட்டுவிடுங்கள். உள்ளூருக்கு ஆட்டோ போதும், ஏறுவதற்கு முன் வாடகையைப் பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

போகிற வழி மதுரை–கொழும்பு விமானம், ஒரு மணி நேரம் போல. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான், அதற்குப் போய் மதுரை வரை மேற்கே போய் வானத்தில் சுற்றி வர வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக இருக்கும், வேறு வழியில்லை. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் யாழ்ப்பாணம் பார்க்கிறவர்களுக்கு நல்லது. மலைநாட்டுக்கு அது சுற்று, மழைக்காலத்தில் ஓடவும் ஓடாது. ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போனால் வானம் தெளிவாக இருக்கும். ஸ்வெட்டரை மதுரையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், ராமநாதபுரத்தில் குழந்தைகள் அளவு கிடைக்காமல் நாங்கள் அலைந்தோம்.